சின்ன ட்ரோன் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பொள்ளாச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ட்ரோன் ரிப்பேர் என்று எங்கும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் முழுப்பரீட்சை லீவு விட்டதும் பையன்கள் அட்டைப்பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். "அண்ணா, போர்டு போயிருச்சுங்க" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். போர்டு நிஜமாகவே போயிருப்பது அபூர்வம். பெரும்பாலும் இறக்கை, பேட்டரி, கீழே இருக்கிற தரை, மேலே அடிக்கிற காற்று, இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இங்கே சொல்வது கேமரா வைத்த, கை மடக்கும், சில ஆயிரம் ரூபாய் ட்ரோன்களுக்கு. ஜிபிஎஸ் இருந்தால் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கையில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ட்வீசர், மல்டிமீட்டர், பெட்டியோடு வந்த உபரி இறக்கை செட் இருந்தால் போதும்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

மூன்று வேலை. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். நான்கு இறக்கையையும் புதிதாக மாற்றுங்கள். ட்ரோனைச் சமதளத்தில் வைத்து கேலிப்ரேஷன் செய்யுங்கள், அதாவது எது நேர் என்று அதற்குக் கற்றுக்கொடுங்கள். பல மாடல்களில் ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து ஒரு மூலைக்கு இழுத்துப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டி நிற்கும்; எந்த மூலை என்று கையேட்டில் படம் இருக்கும். மேசை சமமாக இருக்கிறதா என்று செல்போனில் உள்ள ரசமட்டச் செயலியில் பாருங்கள். சாய்ந்த மேசையில் கேலிப்ரேஷன் செய்தால் அந்தச் சாய்வையே நேர் என்று அது கற்றுக்கொள்ளும்.

என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்திலேயே பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களிடம் காசு வாங்குவதில்லை, டீ வாங்கித் தருவார்கள்.

## விளக்கு எரிகிறது, இறக்கை சுற்றவில்லை

விளக்கு விடாமல் சிமிட்டுகிறதா? ரிமோட்டோடு இன்னும் இணையவில்லை. இரண்டையும் அணைத்துவிட்டு முதலில் ட்ரோன், அப்புறம் ரிமோட் என்று போடுங்கள். சில மாடலில் வரிசை தலைகீழ். இடது ஸ்டிக்கை முழுக்க மேலே தள்ளிக் கீழே இழுக்க வேண்டும். அப்படியும் இணையவில்லையென்றால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பேட்டரியை ரிமோட்டில் போட்டுக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

விளக்கு நிலையாக எரிகிறதா? இணைந்துவிட்டது, பூட்டுத்தான் திறக்கவில்லை. இரண்டு ஸ்டிக்கையும் உள்பக்கமாகக் கீழே இழுப்பது, அல்லது மேலே அம்புக்குறி போட்ட பொத்தான், இரண்டில் ஒன்று வேலை செய்யும். தரை சாய்வாக இருந்தாலும் சில மாடல் கிளம்ப மறுக்கும்.

சுற்ற ஆரம்பித்து உடனே நின்றுவிடுகிறதா? இறக்கைக் காப்பு வளையம் இறக்கையில் உரசுகிறதா பாருங்கள். கை முழுதாக விரிந்து 'டக்' என்று பூட்டியிருக்க வேண்டும். அடுத்தது பேட்டரி. சும்மா இருக்கும்போது 4 வோல்ட் காட்டிவிட்டு, மோட்டார் சுற்றிய கணமே விழுந்துவிடுகிற பழைய பேட்டரியாக இருக்கலாம். வேறு பேட்டரி போட்டால்தான் தெரியும்.

பேட்டரி செருகியதுமே, நீங்கள் எதையும் தொடாமல், ஒரு மோட்டார் முழு வேகத்தில் சுற்றுகிறதா? உடனே கழற்றுங்கள். அந்த மோட்டாரை ஓட்டும் சின்ன ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது. இது நிஜமான போர்டுக் கோளாறு. ஸ்க்ரூடிரைவரோடு உட்காராமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

## கிளம்பும்போதே குப்புற விழுகிறது

விழுந்து இறக்கை உடைந்து, புது இறக்கை மாட்டிய மறுநாள் இது வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இறக்கை இடம் மாறிவிட்டது.

நான்கும் ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டு வகை உண்டு. இறக்கையின் அடியில் 'ஏ', 'பி' என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். முன் இடதும் பின் வலதும் ஒரு வகை. முன் வலதும் பின் இடதும் மற்ற வகை. எழுத்து அழிந்திருந்தால் இன்னொரு வழி: இறக்கையின் ஒரு விளிம்பு மேலே தூக்கியும் ஒரு விளிம்பு கீழே தாழ்ந்தும் இருக்கும். சுற்றும்போது தூக்கிய விளிம்புதான் முன்னால் போக வேண்டும். அப்படியிருந்தால் காற்று கீழே அடிக்கும். கீழே ஒரு காகிதத் துண்டை நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இறக்கை சரி, ஆனாலும் கவிழ்கிறதா? மோட்டார் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மோட்டாரிலும் வலஞ்சுழி, இடஞ்சுழி உண்டு. இந்தச் சின்ன ட்ரோன்களில் சிவப்பு-நீல வயர் ஒரு பக்கமும், கறுப்பு-வெள்ளை வயர் எதிர்ப்பக்கமும் சுற்றுவது வழக்கம். எதிரெதிர் மூலையில் ஒரே நிறம் வர வேண்டும். புல்லில் வைத்துக் கிளப்பினாலும் கவிழும். புல் நுனி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அட்டையைப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

## ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்: எங்கே இழுக்கிறது?

வெளியே மட்டும் இழுக்கிறது, வீட்டுக்குள் நிற்கிறது. ட்ரோனில் கோளாறு இல்லை, காற்று. எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் நேர் எதிரே இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து வருகிற காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், நூறு கிராம் பிளாஸ்டிக் என்ன பாடுபடும்? நான் பார்க்கும் அளவுகோல் தென்னை ஓலை. ஓலை நுனி மட்டும் ஆடினால் பறக்கலாம். ஓலையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே பறந்து பழகுங்கள்.

சில தரையில் மட்டும் இழுக்கிறது. வயிற்றுப் பக்கம் கீழே பார்க்கும் இரண்டாவது கேமரா வைத்த ட்ரோன் தரையில் இருக்கும் கோடு, கறை, புள்ளி எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒரே இடத்தில் நிற்கிறது. வெள்ளை டைல்ஸ், தண்ணீர், மங்கிய வெளிச்சம், இவற்றின்மேல் அதற்குக் கண் தெரியாது. கொப்பரை காய வைக்கிற சிமெண்ட் களம் பறக்க வசதியான இடம் என்று ஒரு நண்பர் கூட்டிப்போனார். வழவழப்பான ஒரே நிறத் தரை, நேராகப் போய் மட்டைக் குவியலில் விழுந்தது. பூப்போட்ட பாயை விரித்து அதன்மேல் பறக்கவிட்டேன், அப்படியே நின்றது. அந்தக் கீழ்க் கண்ணாடியில் தூசி, விரல்ரேகை இருந்தாலும் இதே கதைதான். துடைத்துப் பாருங்கள்.

விலை குறைந்த சில மாடல்களில் கீழே இருப்பது வெறும் அலங்காரக் கண்ணாடி, பின்னால் ஒன்றுமே இருக்காது. காற்றில்லாத அறையில், நல்ல வெளிச்சத்தில், பூப்போட்ட பாய்க்கு ஒரு மீட்டர் மேலே கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் அது டம்மி. சரிசெய்ய முடியாது, டிரிம் (இழுப்பை ஈடுகட்ட ரிமோட்டில் இருக்கும் சின்னத் திருத்தம்) போட்டு ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே பறந்தாலும் ஒரே பக்கம். இறக்கையை விரலால் மெதுவாகச் சுற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் போக வேண்டும். முடி அளவு விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள். அப்புறம் கேலிப்ரேஷன். மிச்சம் இழுப்பதற்குத்தான் டிரிம். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். டிரிம் கடைசி எல்லை வரை போயும் இழுத்தால் அந்தப் பக்கத்து மோட்டார் பலவீனம். கீழே மோட்டார் பகுதிக்குப் போங்கள்.

நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி மெல்லச் சுழல்கிறது. ஒரு கை முறுக்கிக்கொண்டு மோட்டார் சாய்ந்திருக்கும். கண் மட்டத்தில் வைத்து நான்கு மோட்டாரும் செங்குத்தாக நிற்கின்றனவா பாருங்கள்.

வலது தள்ளினால் இடது போகிறது. ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். 'ஹெட்லெஸ்' பொத்தானை அழுத்தினால் மூக்கு எங்கே இருந்தாலும் உங்கள் வலது அதற்கும் வலதாகும். ஆனால் அந்தப் பொத்தானில் பழகிவிடாதீர்கள். பறக்கும் நடுவில் அது குழம்பினால் எதைத் தள்ளினாலும் எங்கேயோ போகும்.

## உயரத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது

உயரத்தைக் காற்றழுத்தம் பார்க்கும் சின்ன உணரியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை ஏறி இறங்குவது இயல்பு. மின்விசிறியின் கீழே, ஜன்னலோரம், தரையை ஒட்டி, கூரையை ஒட்டிப் பறந்தால் ஆட்டம் கூடும். அறை நடுவில், தலை உயரத்தில் பாருங்கள்.

வெயிலில் மட்டும் குதிக்கிறது, நிழலில் சரியாக இருக்கிறது என்றால், உணரியின் மேல் வைத்த கறுப்பு ஸ்பாஞ்சுத் துண்டு விழுந்திருக்கும். அது காற்றை மட்டும் அல்ல, வெளிச்சத்தையும் மறைக்கத்தான். மேல் மூடியைக் கழற்றி, போர்டில் ஓட்டை போட்ட சின்ன உலோகப் பெட்டியைத் தேடுங்கள். கறுப்பு ஸ்பாஞ்சை அழுத்தாமல் அதன்மேல் வையுங்கள், பசை படக் கூடாது.

ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் ஏறவே இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது இறக்கையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள், அல்லது மோட்டார்கள் தேய்ந்துவிட்டன. அதே வரிசையில் பாருங்கள்.

## ஒரு மோட்டார் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது சுற்றவே இல்லை

முதலில் முடி. வீட்டுத் தரையில் கிளப்பி இறக்குகிற ட்ரோன் ஒவ்வொன்றும் தலைமுடியை இழுத்து மோட்டார் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. இறக்கையைக் கழற்றி, தண்டின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். ட்வீசரால் இழுத்தால் முழம் நீளத்துக்கு வரும். பல் சக்கரம் வைத்த மாடலாக இருந்தால் பல்லுக்கு நடுவே மணல் துகள் மாட்டியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். எண்ணெய் ஊற்றாதீர்கள். அதே மணலை அது இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் தண்டு. இறக்கை இல்லாமல் விரலால் சுற்றுங்கள். மற்ற மூன்றும் வழுக்கிக்கொண்டு சுற்ற, இது மட்டும் கரகரத்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

அப்புறம் வயர். கையை மடக்கி மடக்கி விரிக்கிற மாடல்களில் கீல் இருக்கும் இடத்தில் வயர் அறுந்துபோகும். கையை மெல்ல ஆட்டும்போது மோட்டார் விட்டுவிட்டுச் சுற்றினால் இதுதான். சால்டர் வைக்கத் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

கடைசியில் இடமாற்றச் சோதனை. சந்தேகப்படும் மோட்டாரை எதிர் மூலையில் உள்ள, அதே திசையில் சுற்றும் மோட்டாரோடு மாற்றி மாட்டுங்கள். கோளாறு மோட்டாரோடு இடம்பெயர்ந்தால் மோட்டார் போயிற்று. கோளாறு பழைய கையிலேயே தங்கிவிட்டால் வயர் அல்லது போர்டு. போர்டு வாங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். போர்டின் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ட்ரோனே வரும்.

இந்த வகை மோட்டார்களுக்குள் சின்ன உலோகப் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும், தேய்ந்துதான் தீரும். தினமும் பறந்தால் சில மாதம். ஒன்று போனால் மற்ற மூன்றும் அதே வயதுதான். நான்கையும் சேர்த்து மாற்றுவது செலவு மாதிரி தெரியும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுசு வலுவாகவும் பழசு தளர்ந்தும் இழுத்து, மறுபடியும் டிரிம்மோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

சால்டரிங் அயர்ன் பிடித்ததில்லை என்றால் இங்கே நிறுத்துங்கள். போர்டில் மோட்டார் வயர் ஒட்டும் இடம் எள் அளவுதான், சூடு அதிகமானால் செம்புப் படலமே பெயர்ந்து வந்துவிடும். செல்போன் சர்வீஸ் செய்கிறவர் யாரும் செய்துகொடுப்பார்.

## செல்போனில் படம் வரவில்லை

ட்ரோன் தானே ஒரு வைஃபையை உண்டாக்குகிறது. அதில் இணையம் இருக்காது. "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று செல்போன் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணையுங்கள். இணைப்பிலேயே இருக்கவா என்று கேட்டால் ஆமாம் சொல்லுங்கள். வராத படம் பாதிக்குமேல் இங்கேயே வந்துவிடும்.

இல்லையென்றால் செயலியின் அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி, ஐபோனில் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி. விபிஎன் இருந்தால் அணையுங்கள். வீட்டில் இன்னொரு செல்போன் ஏற்கெனவே ட்ரோனோடு இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். செயலி அதுதானா? ஒரே மாதிரிப் பெயரில் பத்துச் செயலி இருக்கின்றன. பெட்டியில் உள்ள க்யூஆர் கோட்டில் வருவதுதான் உங்களுடையது.

படம் வந்து விட்டுவிட்டு நிற்கிறது. தூரம், அல்லது சுற்றிலும் வைஃபை நெரிசல். அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் தடுமாறுவது தோட்டத்தில் சுத்தமாக வரும். மெமரி கார்டு போடும் இடம் இல்லாத ட்ரோனில், செல்போனுக்கு வந்து சேர்ந்த படம்தான் பதிவாகிறது. திரையில் நின்றது வீடியோவிலும் நின்றே இருக்கும், பின்னால் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

படம் மங்கல். லென்ஸின் மேல் ஒட்டிவந்த பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், இரண்டு மாதம் உரிக்காமலே பறந்தவர் உண்டு.

படம் ஜெல்லி மாதிரி தளதளக்கிறது. அதிர்வு. இறக்கை, தளர்ந்த ஸ்க்ரூ, ஆடும் கேமராக் கூடு, இந்த வரிசை. கேமராக் கூட்டுக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு டேப் வைத்தால் குறையும், முழுசாகப் போகாது.

## பேட்டரிப் புகார்கள்

சீக்கிரம் இறங்குகிறது. பெட்டியில் 15 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடம் பறந்தாலே நல்ல பேட்டரி. புதிதாக வாங்கிய அன்றே ஒரு முறை மணி பார்த்து எழுதிவையுங்கள். அந்த நேரத்தில் பாதிக்கு வந்தால் மாற்றும் காலம்.

சார்ஜ் ஏறவில்லை. யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள், பழைய 5 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். ஒற்றை செல் பேட்டரி முழுதாக 4.2 வோல்ட் காட்ட வேண்டும். 3 வோல்ட்டுக்கும் கீழே போய் வாரக்கணக்கில் கிடந்ததைத் தட்டி எழுப்பும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். பறந்து இறங்கிய சூட்டோடும் சார்ஜ் போடக் கூடாது. மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் முழுதாகவும் காலியாகவும் இல்லாமல் 3.8 வோல்ட் பக்கம் வையுங்கள்.

உப்பிவிட்டது. இதில் சோதனை எதுவும் இல்லை. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள். மண் நிரப்பிய தகரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். உப்பாத பேட்டரியையும் தூங்கும்போது சார்ஜில் விட வேண்டாம். கட்டில் மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

## இன்னும் வாங்கவில்லை என்றால்

மேலே சொன்னதில் பாதி, வாங்கும்போதே கூட வருகிற கோளாறு. கடையில் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதே மாடலுக்கு மோட்டாரும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வேண்டாம். வீடியோ மிகத் துல்லியம் என்று சொல்லும் '4கே' என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 80 கிராம் எடையுள்ள டெல்லோ என்ற ட்ரோன், 4கே-யைவிடத் துல்லியம் குறைந்த 720பி வீடியோதான் எடுத்தது, பெட்டியிலும் அப்படியே போட்டார்கள். அதைவிட மலிவான ஒன்று 4கே என்றால் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மரத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், இலை இலையாகத் தெரிகிறதா, பச்சைச் சாந்தாகத் தெரிகிறதா என்று.

எடையையும் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்டப் பைலட் சான்று தேவையில்லை. அதற்காக எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். விமான நிலையம், படைத்தளம் பக்கம் எடையைச் சொல்லித் தப்ப முடியாது.

## காற்றோடு போகிறது, மரத்தில் மாட்டிக்கொண்டது

போய்க்கொண்டிருக்கும்போது பதறி ரிமோட்டை அணைக்காதீர்கள். முதலில் உயரத்தைக் குறையுங்கள். தரைக்குப் பக்கத்தில் காற்று குறைவு. மேலே தோற்கிற மோட்டார் கீழே ஜெயிக்கலாம். அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டாரை நடுவானிலேயே அணைத்துவிடும். ஆள்மேலோ சாலைமேலோ போகப்போகிறது என்றால் மட்டும், கீழே யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, அதை அழுத்துங்கள்.

ஜிபிஎஸ் ட்ரோன் திரும்பி வரும்போது வேறு இடத்துக்குப் போகிறதா? கிளம்பிய இடத்தை அது குறித்துக்கொள்வதற்கு முன்பே கிளப்பிவிட்டீர்கள். போதுமான செயற்கைக்கோள் கிடைத்தது என்று செயலி சொல்லும்வரை பொறுங்கள். வட்டமடித்துக்கொண்டே விலகிப் போனால் திசைகாட்டிக் கேலிப்ரேஷன் தப்பு. கார் பானெட், கம்பி நீட்டிய மொட்டைமாடி இரண்டையும் விட்டுத் தள்ளிப்போய் மறுபடி செய்யுங்கள். திரும்பி வரும் உயரத்தையும் பாருங்கள். நாட்டுத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். 15 மீட்டரில் வீடு திரும்பச் சொன்னால் குருத்தில்தான் போய் உட்காரும்.

தென்னையில் மாட்டினால் கல் எறியாதீர்கள். காய் பறிக்கிறவர் தொரட்டியோடு வரும் நாள்வரை காத்திருந்தால் உடையாமல் கிடைக்கும். மழை பெய்துவிட்டதா? இறக்கியதும் பேட்டரியைக் கழற்றி, இரண்டு நாள் காற்றில் காய வைத்து, அப்புறம்தான் வேறு பேட்டரி போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் கம்பு, தொரட்டி, ஏணி எதையும் எடுக்க வேண்டாம். அலுமினியத் தொரட்டியை ஒருவர் கம்பிக்கு நீட்டப் போனதைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். மின்வாரியத்துக்குப் போன் செய்யுங்கள். லைனை நிறுத்திவிட்டு லைன்மேன் எடுத்துத் தருவார், கொஞ்சம் திட்டுவார்.